குழுவும் ஆயமும் ஒன்றா? அவைப்பெயர்களும் அகராதிப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

மக்கள் கூடுதலைக் குறிக்கும் பழஞ்சொற்கள் தமிழில் மிகப்பல. அவை, அவையம், மன்றம், பொதியில், அம்பலம், கோட்டி, குழு, குழாம், ஆயம், கழகம், சபை முதலிய இச்சொற்கள் அகராதிகளில் பெரும்பாலும் 'கூட்டம்' என்ற ஒரே விளக்கத்தில் வந்து சேர்கின்றன. இலக்கியமும் கல்வெட்டும் இவற்றை வேறுபடுத்தியே ஆள்கின்றன. வேறுபாட்டை விடுத்து அகராதிப் பொருளை மட்டும் கொண்டு பழந்தமிழர் ஆட்சிமுறையை விளக்கப் புகுவது பிழையான முடிவுகளுக்கு இடந்தருகிறது என்பதும், அவைப்பெயர்களுக்குச் சான்றுவழிப்பட்ட பொருள் வரலாறு தேவை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: நிகண்டு, அகராதி, அவை, மன்றம், ஐம்பெருங்குழு, எண்பேராயம், கல்வெட்டுச் சொல்

முன்னுரை

சங்க காலச் சமூகம் பற்றிய ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு முறை உண்டு. பாடலில் 'மன்றம்' என்ற சொல் வந்திருக்கும். அகராதியில் அதற்கு 'சபை' என்றும் 'நீதிமன்றம்' என்றும் பொருள் காணப்படும். உடனே அவ்வூரில் வழக்குத் தீர்க்கும் அமைப்பு ஒன்று இருந்ததாக முடிவு எழுதப்படும். 'குழு', 'ஆயம்' என்ற சொற்களுக்கும் இதுவே நேர்கிறது. சொல்லிலிருந்து அகராதிக்கும், அகராதியிலிருந்து வரலாற்றுக்கும் செல்லும் இந்த வழி குறுகியது, எளியது. இடையில் பாடலின் சூழல் நழுவிவிடுகிறது.

இச்சொற்களைப் பற்றிய விவாதங்களில் பெரும்பகுதி வேர்ச்சொல் ஆராய்ச்சியிலேயே செலவாகியுள்ளது. 'அவை' என்பது 'சபா' என்ற வடசொல்லின் திரிபு என்போரும், தமிழ் வேரினின்று பிறந்தது என்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் தேவையானதே. எனினும் சொல் எங்கிருந்து வந்தது என்பது தெளிந்த பின்னும், அது எவரை உள்ளே அழைத்தது, எவரை வெளியே நிறுத்தியது, அங்கே என்ன செய்தனர் என்ற வினாக்கள் அப்படியே நிற்கும். வரலாற்றுக்கு வேண்டுவன அவ்வினாக்களுக்கான விடைகளே.

நிகண்டின் நோக்கமும் அகராதியின் பயன்பாடும்

நிகண்டுகள் செய்யுள் இயற்றுவோர்க்கும் செய்யுள் பயில்வோர்க்கும் மனப்பாடக் கருவியாக எழுந்தவை. சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாகப் பகுக்கப்பட்டது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் பெயர்கள் அங்கே தொகுக்கப்படுகின்றன. ஒருசொற் பல்பொருளும், பல்பொருட் கூட்டத்து ஒருபெயரும் தனித்தனித் தொகுதிகளாகின்றன. பிங்கலமும் சூடாமணியும் இம்மரபின் தொடர்ச்சி. எதுகையும் மோனையும் சீரும் வேண்டும் புலவனுக்கு ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் ஒருங்கே கிடைப்பது பெரும்பயன். ஆகவே, பெயர்களை அருகருகே நிறுத்துதலே நிகண்டின் வேலையாயிற்று. அவற்றிடையே உள்ள நுண்வேறுபாட்டைக் கற்பிப்பது ஆசிரியரின் வேலையாகவும் உரைகாரரின் வேலையாகவும் இருந்தது.

அகரவரிசை வந்தபின் நிலைமை மாறியது. 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டும், 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதியும் சொற்களைத் தொகுதிகளினின்று பிரித்து எழுத்து வரிசையில் நிறுத்தின. தேடுவோர்க்கு இது பேருதவி. அதே வேளையில், பக்கத்துப் பெயர்களோடு சேர்த்துப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்தது. நிகண்டில் ஒரு வரிசையாக நின்ற பெயர்கள் அகராதியில் ஒன்றுக்கொன்று விளக்கமாயின. 'குழாம்' என்றால் கூட்டம்; 'கூட்டம்' என்றால் திரள்; 'திரள்' என்றால் குழாம் என்று சுற்றிவரும் விளக்கங்கள் இவ்வாறு தோன்றியவை.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இலக்கிய மேற்கோளும் நிகண்டு மேற்கோளும் தந்து பொருள் கூறிய அப்பெருமுயற்சியின் தோளில் நின்றே இன்றைய ஆய்வு நடக்கிறது. அதில் ஒரு பொருளுக்குப் பாடல் வரி சான்றாக இருக்கும். மற்றொரு பொருளுக்கு 'திவா.', 'பிங்.', 'சூடா.' என்ற குறுக்கம் மட்டும் இருக்கும். பதிப்பாசிரியர்கள் இந்த வேறுபாட்டை ஒளிக்கவில்லை. பயன்படுத்துவோரே பிறை அடைப்புக்குள் உள்ளதைப் படிக்காமல் கடந்துவிடுகின்றனர். வழக்கில் இருந்த பொருளும் நிகண்டில் மட்டும் காணப்படும் பொருளும் ஒரே மதிப்புடையனவாக ஆய்வேட்டில் வந்து அமர்கின்றன.

ஒரே நூலில் பல பெயர்கள்

அவைப்பெயர்கள் ஒன்றற்கொன்று மாற்றாக வரும் சொற்களா என்று அறிய நல்லதொரு வழி, ஒரே ஆசிரியர் அவற்றை எவ்வாறு ஆள்கிறார் என்று காண்பது. திருக்குறள் இதற்கு ஏற்ற களம். குறள் வெண்பாவின் நெருக்கடியில், அசைக்காகச் சொல்லை மாற்றிக்கொள்ளும் தேவை மிகுதி. அத்தேவையிருந்தும் வள்ளுவர் இச்சொற்களைக் கலக்கவில்லை.

'அவை' சொல்வோனால் அறியப்பட வேண்டியது. அஞ்சப்படாமல் எதிர்கொள்ளப்பட வேண்டியது. அவையறிதல், அவையஞ்சாமை என்ற இரு அதிகாரங்களும் கேட்போரின் தகுதியையும் சொல்வோனின் தகுதியையும் எடைபோடுகின்றன. மக்கட்பேற்றில் தந்தை மகனுக்குச் செய்யும் நன்றியும் 'அவையத்து' முந்தியிருக்கச் செய்தலே. 'கோட்டி' என்ற சொல் கல்லாமையிலும் (401) அவையறிதலிலும் (720) வருகிறது. இரண்டிடத்தும் அதற்குரிய வினை 'கொள்ளுதல்'. கோட்டி என்பது புகும் இடமாக அங்கே காட்டப்படவில்லை. அவையில் நிகழ்த்தும் சொல்லாடலாக நிற்கிறது.

'மன்று' இதனின் வேறு. தீ நட்பில் (820) அது மனைக்கு எதிர்நிலையாக வருகிறது: தனியிடத்தில் நட்புப் பாராட்டுவோர் பலரறியப் பழிக்கும் இடம் மன்று. நாணுத்துறவுரைத்தலில் (1138) காமம் மறைப்பைக் கடந்து மன்றுபடுகிறது. கற்றோர் எவரும் அங்கே கூடியிருக்கவில்லை; ஊரறிதல் என்பதே பொருள். 'குழு' என்ற சொல்லோ நாடு என்ற அதிகாரத்தில் (735) நாட்டைப் பாழ்செய்யும் பிளவுகளுக்குரிய பெயர். நிலையாமையில் (332) கூத்துக் காண வந்து கூத்து முடிந்ததும் கலைவோர் 'அவைக்குழாம்' எனப்படுகின்றனர். சூது என்ற அதிகாரத்தில் (935, 937) 'கழகம்' சூதாடுகளம்.

அவை அறியப்படும், கோட்டி கொள்ளப்படும், மன்றில் வெளிப்படும், குழு பிளக்கும், குழாம் கலையும், கழகம் புகப்படும். சொல்லோடு சேரும் வினையை நோக்கினாலே வேறுபாடு புலனாகிறது. 'கூட்டம்' என்ற ஒரு பொருளை இவையனைத்துக்கும் வைத்துப் படித்தால் குறளின் பொருள் ஓரளவு விளங்கும். அக்குறள் அந்தச் சொல்லை ஏன் தேர்ந்தது என்பது விளங்காது.

மன்றமும் அவையமும்

வழக்கு ஆராயும் இடத்தை மதுரைக்காஞ்சி 'அறங்கூறவையம்' என்கிறது. அறங்கூறும் பணிக்கு அங்கே உரிய சொல் அவையம். மன்றம் சங்கப் பாடல்களில் பெரும்பாலும் மரத்தடி வெளியாக வருகிறது. ஆய் அண்டிரனைப் பாடும் புறநானூற்று 128ஆம் பாடலில், மன்றத்துப் பலாமரக் கிளையில் இரவலர் தொங்கவிட்ட முழவை மந்தி பலாக்கனி என்று எண்ணித் தட்டுகிறது. வந்தவர் தங்கவும் கருவியை மாட்டவும் விலங்கு விளையாடவும் இடமுள்ள பொதுவெளி அது. அங்கே முறைமன்றம் ஒன்றைக் காண முயல்வது பாடலுக்கு இல்லாத சுமை.

சிலப்பதிகாரம் இந்திரவிழவூரெடுத்த காதையில் ஐவகை மன்றங்களைக் கூறுகிறது. வெள்ளிடை மன்றத்தில் களவாடியவன் தன் சுமையோடு அகப்படுகிறான். இலஞ்சி மன்றத்துப் பொய்கை உடற்குறை தீர்க்கிறது. நெடுங்கல் மன்றத்துக் கல் பித்தும் நஞ்சும் போக்குகிறது. பூத சதுக்கத்தில் பொய்யொழுக்கத்தாரைப் பூதம் பற்றுகிறது. பாவை மன்றத்துப் பாவை, அரசன் முறை தவறினால் வாய்பேசாமல் கண்ணீர் உகுக்கிறது. இவ்வைந்தில் எங்கும் மக்கள் கூடி முடிவெடுக்கும் செய்தி இல்லை. வெள்ளிடை மன்றத்திலும் பூத சதுக்கத்திலும் பாவை மன்றத்திலும் நிகழ்வது, மறைந்திருந்தது எல்லார் கண்ணிலும் படுதல். குறள் கூறும் மன்றுபடுதலும் இதுவே.

எனவே மன்றத்தின் உட்பொருளை 'வெளிப்பாட்டுக்குரிய பொதுவிடம்' என்று கொள்வது சான்றுகளோடு பொருந்துகிறது. வழக்காராய்தல் அங்கே பிற்காலத்தில் வந்து சேர்ந்த செயல்களுள் ஒன்றாகலாம். சோழர் கல்வெட்டுகளில் 'மன்றுபாடு' என்பது தண்டப்பணம் சார்ந்த வருவாய்ப் பெயராக வருவது அந்த வளர்ச்சியின் தடம். சங்கப் பாடலின் மன்றத்துக்கும் கல்வெட்டின் மன்றுபாட்டுக்கும் இடையில் நூற்றாண்டுகள் உள்ளன. அகராதியின் ஒரு பதிவில் அவை இரண்டு வரி இடைவெளியில் நிற்கின்றன.

பொதியிலும் அம்பலமும்

'பொதியில்' என்ற சொல்லையும் சூழலோடு படிக்க வேண்டும். பட்டினப்பாலையில் கந்து நாட்டிய பொதியிலில் அந்தி விளக்கேற்றுவோர் பகைவர் நாட்டினின்று பிடித்துவரப்பட்ட கொண்டி மகளிர். அங்கே வந்து தங்குவோர் புதியவர். புறநானூற்று 52ஆம் பாடலில் பாழ்பட்ட பொதியில் ஒன்று வருகிறது. பலியிடுதல் நின்றுபோன அவ்விடத்தில், நரைத்த முதியோர் சூதுக்காய் இட்டுக் குழிந்த தரையில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. வழிபாடு, தங்கல், முதியோரின் பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. அவ்வூரின் அழிவைச் சொல்லப் புலவர்க்கு அரண்மனை வேண்டியிருக்கவில்லை. பொதியில் போதுமானதாக இருந்தது.

மணிமேகலையில் உலக அறவி என்னும் அம்பலம் புகலற்றோர் வந்து சேரும் இடமாக அமைகிறது. அமுதசுரபியுடன் மணிமேகலை அங்கேதான் செல்கிறாள். அகராதியில் அம்பலமும் பொதியிலும் சபையும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. ஆனால், பசித்தவர் புகக்கூடிய அம்பலமும், தகுதி ஆராய்ந்து இருக்கை தரும் அவையும் சமூகத்தில் ஒரே இடத்தில் இருந்தவை ஆகமாட்டா. பிற்காலத்தில் அம்பலமும் கதவுடையதாயிற்று என்பதை மக்கள் வழக்குப் பதிவு செய்துள்ளது. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியில் உள்ள சமூகச் செய்தி எந்த நிகண்டிலும் இல்லை. அம்பலம் ஏறத்தக்க சொல், ஏறத்தகாத சொல் என்ற பிரிவை அம்பலத்துக்கு வெளியே நின்றவர்களே அறிந்து சொல்லியிருக்கின்றனர்.

பெண்டிரின் நிலையையும் இங்கே கருதலாம். பொதியிலில் அவர்கள் விளக்கேற்றுகின்றனர். மன்றில் அவர்களைப் பற்றிய அலர் எழுகிறது. அகப்பாடல்களில் அவர்களுக்கே உரியதாக வரும் கூட்டப் பெயர் 'ஆயம்'. தலைவியுடன் விளையாடி உடன்திரியும் தோழியர் கூட்டம் அது. இப்பொருள் அரசியல் வரலாற்றிலும் பயன்படக்கூடியது.

ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும்

1904இல் வி. கனகசபைப் பிள்ளை ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டைத் தமிழர் வரலாற்று நூல், அரசனின் அதிகாரம் ஐம்பெருங்குழுவால் கட்டுப்படுத்தப்பட்டது என்றது. மக்கள், பார்ப்பார், மருத்துவர், நிமித்தர், அமைச்சர் ஆகியோரின் பேராளர்கள் அவற்றில் இருந்தனர் என்பது அவர் விளக்கம். தமிழர்க்கு ஆட்சிமரபே இல்லை என்ற எண்ணத்துக்கு மறுமொழி தேவைப்பட்ட காலத்தில் எழுந்த விளக்கம் அது. அதன் வரலாற்றுப் பங்கு மதிக்கத்தக்கது. நூறாண்டு கடந்த பின்னும் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் அது ஆராயப்படாமல் வழங்குவது பொருந்தாது.

சிலப்பதிகார உரைமரபில் இத்தொடர்களுக்கு இருவேறு பட்டியல்கள் உள்ளன. ஒன்றில் ஐம்பெருங்குழு என்பது அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர். எண்பேராயம் என்பது கரணத்தியலவர் முதல் யானை வீரர், இவுளி மறவர் வரையிலான அரசப் பணியாளர். மற்றொன்றில் ஐம்பெருங்குழு மாசனம், பார்ப்பார், மருத்துவர், நிமித்தர், அமைச்சர் என மாறுகிறது. எண்பேராயமோ சாந்து, பூ, கச்சு, ஆடை, பாக்கு, இலை, கஞ்சுகம், நெய் ஆகியவை பற்றி அரசனுக்குப் பணிசெய்யும் எண்மர் ஆகிறது. கனகசபையார் ஐம்பெருங்குழுவுக்குக் கொண்ட விளக்கம் இரண்டாம் பட்டியலோடு ஒத்துச்செல்கிறது. அதே பட்டியல் எண்பேராயத்தைச் சந்தனமும் வெற்றிலையும் ஏந்துவோராகக் காட்டுவதை ஆட்சிமன்ற விளக்கம் ஏற்க இயலாது.

'ஆயம்' என்பதற்கு உடன்திரியும் சூழல் என்ற அகப்பொருளை நினைத்தால் முடிச்சு அவிழ்கிறது. தலைவிக்கு ஆயம் போல, அரசனுக்கும் ஆயம். உடனிருந்து ஏவல் கேட்போர் அவர்கள். 'பேராயம்' என்பதைப் பெருஞ்சபை என்று அகராதிவழி மாற்றியபோதுதான் எட்டு மன்றங்கள் தோன்றின. 'குழு' என்பதும் அவ்வாறே: மதுரைக்காஞ்சி 'நாற்பெருங்குழு' என்கிறது, எண்ணிக்கையே நூலுக்கு நூல் வேறுபடும் ஒன்றை, நிலைபெற்ற அரசியலமைப்பு நிறுவனமாகக் கொள்ளுதல் அரிது. இத்தொடர்கள் பெரும்பாலும் அரசன் உலாவும் விழாவும் வருணிக்கப்படும் இடங்களில், அவனைச் சூழ்ந்தோரின் அடுக்காக வருவதையும் சேர்த்து எண்ண வேண்டும். அரசன் அறிவுரை கேட்டான் என்பதை இது மறுக்கவில்லை. கேட்டேயாக வேண்டிய கட்டாயம் அவனுக்கு இருந்தது என்பதற்கு இச்சொற்கள் சான்றாகா என்பதே கருத்து.

கல்வெட்டுகளின் துல்லியம்

இலக்கியம் விட்ட இடைவெளியை நிரப்பக் கல்வெட்டுகள் உள்ளன. அங்கே ஊர் என்பது வேளாண்வகை ஊர்களின் நிலவுடையோர் கூட்டம். சபை என்பது பிரமதேயத்து நிலவுடைய பிராமணர் கூட்டம். நகரம் என்பது வணிகர் அமைப்பு. நாடு என்பது பல ஊர்கள் அடங்கிய பகுதியும் அப்பகுதியின் நாட்டார் கூட்டமும். எழுதியவர்கள் இவற்றை மாற்றி எழுதியதில்லை. எழுதினால் நிலமும் வரியும் தகராறாகியிருக்கும்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளினின்று வாரியங்களுக்கு ஆள் தேர்வு நடந்தது. 921ஆம் ஆண்டு விதிப்படி, வாரியத்துக்குரியவர் கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், 35 முதல் 70 வரையிலான அகவையினராகவும், வேதப் பயிற்சி உடையவராகவும் இருத்தல் வேண்டும். தகுதியின்மை பற்றிய விதிகளும் விரிவானவை. தேர்வு முறையின் நுட்பம் வியக்கத்தக்கது. அதனை 'மக்களாட்சி' என்ற ஒரு சொல்லால் புகழும்போது, சபை என்ற சொல் தன்னுள் கொண்ட நிலவுடைமையும் குலமும் மறைந்துவிடுகின்றன.

மாறஞ்சடையன் காலத்து மானூர்க் கல்வெட்டு மற்றொரு நுட்பம் தருகிறது. சபையில் வைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என மறுத்து இடையூறு செய்வோர்க்கும் அவர்க்குத் துணைநிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம். சபை கூடியதைச் சொல்லும்போது 'கூட்டக்குறைவறக் கூடியிருந்து' என்ற வாய்பாட்டைக் கல்வெட்டுகள் பல ஆள்கின்றன. இன்று 'கோரம்' என்றும், இலங்கையில் 'கூட்ட நடப்பெண்' என்றும் வழங்கும் கருத்துக்கு நெருக்கமான சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்திருக்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் நிகண்டைப் புரட்டும் அளவுக்குக் கல்வெட்டைப் புரட்டியிருந்தால் 'கூட்டக்குறைவு' கண்ணில் பட்டிருக்கும். எ. சுப்பராயலு தொகுத்துச் சாந்தி சாதனா இரு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி இத்தகைய தேடலுக்கு வழி திறந்துள்ளது.

எதிர்வாதமும் விடையும்

ஒருபொருட்குப் பலசொல் உரியவாதல் தொல்காப்பியர் உரியியலில் ஏற்ற மரபுதானே என்ற வாதம் எழலாம். ஏற்றதே. அதே தொல்காப்பியம் மரபியலில் இளமைப்பெயர்களை விலங்குவாரியாக வரையறுத்து, எதற்கு எது உரியது என்று நிறுத்துகிறது. சொற்கள் ஒரு பொருளைச் சுற்றி நெருங்கி நிற்கலாம்; ஒவ்வொன்றும் தன் மரபை விடாது என்பதே இரண்டையும் சேர்த்துக் கொள்ளத்தக்க கருத்து.

நிகண்டுகளைக் குறைகூறுவதும் முறையன்று. 'கழகம்' இதற்குச் சான்று. நிகண்டு மரபு மல்லும் சூதும் படையும் கல்வியும் பயிலும் களம் என்று அதற்குப் பொருள் கூறுகிறது. குறளின் சூதாடுகளத்தையும், கம்பர் நாட்டுப்படலத்தில் காட்டும் கலைபயில் இடத்தையும் 'பயிற்சி' என்ற ஒரு நூலால் அது கோத்துவிடுகிறது. 'கூட்டம்' என்ற பொது விளக்கத்துக்குள் அக்கோவை அறுந்துவிடுகிறது. பழைய சொற்பொருளைக் கூர்ந்து கண்டவர்கள் நிகண்டாசிரியர்கள். அவர்களுடைய தொகுப்பைச் சமன்பாடாக மாற்றியது பிற்காலப் பயன்பாடு.

சொற்களின் இன்றைய வாழ்வு

இச்சொற்கள் பழம்பொருட் காட்சியகத்தில் இல்லை. கழகம் 1920இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்திலும், 1944இல் திராவிடர் கழகத்திலும் புதுவாழ்வு பெற்றது, பல்கலைக்கழகமாயும் நிற்கிறது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கூறும் பட்டிமண்டபம், பட்டிமன்றமாகித் தொலைக்காட்சி ஏறியது. அவை மக்களவையாகவும் மாநிலங்களவையாகவும், மன்றம் சட்டமன்றமாகவும் நீதிமன்றமாகவும் ஆயின. திருச்சபையில் சபை சமயப் பொருள் பெற்றது. சென்னையில் 'சபா' இசையரங்கின் பெயராயிற்று. வெளியிலிருந்து வந்த 'கச்சேரி' தமிழ்நாட்டில் பாட்டுக்கும் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகத்துக்கும் உரியது. ஒரே சொல் இரு கரைகளில் இருவேறு கூடுகையைக் குறிப்பதை இன்றைய வாசகர் இயல்பாக ஏற்கிறார். சங்க காலச் சொல்லுக்கு மட்டும் அவ்வுரிமையை மறுத்து, எல்லாக் காலத்துக்கும் எல்லா நிலத்துக்கும் ஒரே பொருளை வைப்பது எவ்வாறு பொருந்தும்?

செய்யத்தக்கன

அவைப்பெயர்களுக்கெனத் தனியொரு பொருள்வரலாற்றுத் தொகுப்பு அமைதல் வேண்டும். அதில் ஒவ்வொரு பதிவும் ஐந்து வினாக்களுக்கு விடை கூறலாம்: கூடியோர் யார், கூடிய இடம் எது, கூடிய நோக்கம் என்ன, கூட்டம் நிலைத்ததா, கலைந்ததா, அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டோர் எவர். விடை கிடைக்காத வினாவை வெற்றிடமாகவே விடுதல் நன்று. வெற்றிடம் அடுத்த ஆய்வாளருக்கு வழிகாட்டும்.

இலக்கிய ஆட்சி, உரைகாரர் விளக்கம், நிகண்டுப் பொருள், கல்வெட்டு ஆட்சி, மக்கள் வழக்கு ஆகிய ஐந்தும் தனித்தனி நிரல்களில் நிற்க வேண்டும். நிகண்டில் மட்டும் உள்ள பொருளுக்குத் தனிக்குறி இடுதல் எளிய திருத்தம், பயனோ பெரிது. சொல்லோடு சேரும் வினைகளைத் தொகுப்பதும் தேவை. மின்தொகுப்புகள் வழியாகச் சொல்லடைவு தேடுதல் இன்று சில நொடி வேலை. தேடிக் கிடைத்த வரிகளை முழுப்பாடலோடு படிப்பதற்கு நொடிகள் போதா. அந்தப் பொறுமையை ஆய்வு நெறியாளர்கள் வலியுறுத்த வேண்டும். ஆய்வேடுகளில் அகராதிப் பொருளைச் சான்றாகத் தரும்போது, அப்பொருளுக்கு அகராதி காட்டும் சான்று எது என்பதையும் சேர்த்து எழுதும் வழக்கம் ஏற்பட்டால் பிழைகளில் பாதி குறையும்.

முடிவுரை

கூடுதலுக்கு இத்தனை பெயர்கள் வைத்துக்கொண்ட ஒரு சமூகம், கூட்டங்களிடையே வேறுபாடு கண்ட சமூகமாகவே இருந்திருக்கும். அவையில் அமரத் தகுதி பெற்றவரும், மன்றத்தில் மறைவு இழந்தவரும், பொதியிலில் விளக்கேற்றியவரும், அம்பலத்தில் சொல் ஏறாதவரும் ஒரே வரலாற்றின் மாந்தர். அனைவரையும் 'கூட்டம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கினால், பழந்தமிழ்ச் சமூகம் இருந்ததைவிட ஒப்புரவு மிக்கதாகத் தோன்றும். அவ்வளவு பெருமை வரலாற்றுக்குத் தேவையில்லை. எந்தக் கூட்டத்தில் எவருக்கு இடமிருந்தது என்று பிரித்துச் சொல்வதற்கான சொற்களைத் தமிழ் தந்திருக்கிறது. அவற்றை அந்தந்தப் பொருளில் படிப்பது ஆய்வாளரின் கடமை.